போகிற நாட்டில் உங்கள் புள்ளடி: யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கொக்குவிலில் என் வீட்டு விறாந்தையில் சனி, ஞாயிறு காலைகளில் ஆங்கில வகுப்பு நடக்கிறது. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் எங்கேயோ புறப்பட இருப்பவர்கள். கல்யாணம் முடித்துக் கணவரிடம் போகக் காத்திருக்கிற பிள்ளைகள், மாணவர் விசா எடுத்தவர்கள், பிள்ளைகள் ஸ்பொன்சர் செய்து கூப்பிடுகிற அம்மா அப்பாக்கள். குளிர் உடுப்பு எங்கே மலிவு, மிளகாய்த்தூள் எத்தனை கிலோ கொண்டு போகலாம் என்றெல்லாம் கேட்பார்கள். போன மாதம் ஒஸ்லோவுக்குப் போக இருக்கிற தங்கச்சி ஒருத்தி வேறொன்று கேட்டார்: "மூண்டு வருசம் இருந்தா எங்களுக்கும் அங்க வோட் இருக்காமே சேர், உண்மையோ?"

உண்மைதான். நோர்வேயில் தொடர்ந்து மூன்று வருடம் சட்டப்படி வசித்த வெளிநாட்டவர் நகரசபைத் தேர்தலிலும் மாகாணசபைத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். 1983 முதல் அங்கே இந்த முறை இருக்கிறது. ஆனால் அந்தத் தேர்தல்கள் நான்கு வருடத்துக்கு ஒருமுறைதான்: 2023, 2027, 2031. இப்போது புறப்படுகிறவருக்கு 2027 தப்பிவிடும். இருவரும் கணக்குப் பார்த்தபோது 2031 என்று வந்தது. "அதுவரைக்கும் என்ன சேர் செய்யிறது?" என்றார். இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்காகத்தான்.

எனக்கு இந்த விஷயத்தில் சொந்த வருத்தம் ஒன்று இருக்கிறது. நான் லண்டனில் பதின்மூன்று வருடம் இருந்தேன். முதல் ஆறு வருடமும் எனக்கு அங்கே வாக்கு இருந்தது, எனக்குத்தான் தெரியாது. இலங்கை பொதுநலவாய நாடு. வதிவிட அனுமதியோடு பிரித்தானியாவில் இருக்கிற பொதுநலவாய நாட்டவர், பிரித்தானியக் குடியுரிமை இல்லாமலே, நகரசபையில் இருந்து நாடாளுமன்றம் வரை எல்லாத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். வருடாவருடம் கவுன்சிலில் இருந்து அதுபற்றிய கடிதம் வரும். நான் அறை எடுத்திருந்த வீட்டு அண்ணை, "உதெல்லாம் நிரப்பிக் குடுக்காதையும், பிறகு வீண் கரைச்சல்" என்று சொல்லிக் குப்பைக்குள் போட்டுவிடுவார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பெயரை எழுதிக் கொடுத்தால் ஆபத்து என்று பழகிய ஊரில் இருந்து போனவர் அவர்.

அந்தப் பயத்தை முதலில் பேசிவிடுவோம். 1981 யூன் 4 ஆம் திகதி இங்கே மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல். அதற்குச் சில நாள் முன்னால், மே 31 இரவு தொடங்கிய வெறியாட்டத்தில் எங்கள் நூலகம் எரிந்தது. எங்கள் வீடுகளில் பெரியவர்களுக்குத் தேர்தல் என்றதும் ஞாபகம் வருவது இதுதான். அதனால் "அரசியல் எங்களுக்கு வேண்டாம் பிள்ளை, படிச்சமா உழைச்சமா எண்டு இரு" என்று சொல்லித்தான் விமானம் ஏற்றுவார்கள். அன்பில் சொல்கிற சொல் அது. ஆனால் போகிற இடத்தில் உங்கள் வாடகை, பிள்ளையின் பள்ளிக்கூடம், அம்மாவைக் கூப்பிடுகிற விசா விதி எல்லாவற்றையும் யாரோ கூட்டத்தில் இருந்து முடிவு செய்வார்கள். அந்த மேசைக்குப் பக்கத்தில் நீங்களும் இருக்கலாம். அதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதல் வேலை: பெயரைச் சீராக்குங்கள்

இதை ஊரிலேயே முடித்துவிட்டுப் போங்கள். எங்கள் ஆட்களுக்கு அப்பாவின் பெயர் முன்னால் நிற்கும். பாஸ்போர்ட்டில் அது ஒரு விதமாக, பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பில் இன்னொரு விதமாக, கல்யாணப் பதிவில் மூன்றாவது விதமாக இருக்கும். சிவா என்பதற்கு ஒன்றில் எஸ்ஐவி, மற்றதில் எஸ்எச்ஐவி. பின்னால் வாக்காளர் இடாப்பில் இருக்கிற பெயரும் கையில் இருக்கிற அட்டையும் ஒத்துப்போகாமல் நிற்கும்போதுதான் இதன் வலி தெரியும். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போதே, பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்தை அப்படியே எழுதச் சொல்லுங்கள். அப்புறம் வங்கி, வதிவிட அட்டை, பள்ளிக்கூடம் எல்லா இடத்திலும் அந்த ஒரே எழுத்து.

நீங்கள் எந்த வரிசையில் நிற்கிறீர்கள்?

நாட்டுக்கு நாடு விதி வேறு. கனடாவில் இருக்கிற சித்தப்பா சொல்வது கனடாவுக்குச் சரி, சுவிசுக்குச் சரிவராது.

பிரித்தானியாவைச் சொல்லிவிட்டேன். நியூசிலாந்தும் தாராளமான நாடு. அங்கே நிரந்தர வதிவிடம் உள்ளவர் ஒரு வருடம் வாழ்ந்திருந்தால் நாடாளுமன்றத் தேர்தலிலேயே வாக்களிக்கலாம். இரண்டாவது வரிசையில் நோர்வே, சுவீடன், டென்மார்க், நெதர்லாந்து வருகின்றன. உள்ளூராட்சித் தேர்தலுக்கு வசித்த காலம் போதும், நாடாளுமன்றத்துக்குக் குடியுரிமை வேண்டும். சுவிற்சர்லாந்தில் கன்ரனுக்குக் கன்ரன், அதாவது மாநிலத்துக்கு மாநிலம், மாறும். நியூசாத்தல், யூரா போன்ற பிரெஞ்சு மொழிக் கன்ரன்களில் வெளிநாட்டவருக்கும் உள்ளூர் வாக்கு உண்டு. எங்கள் ஆட்கள் நிறைய வாழ்கிற சூரிச்சில் அது இல்லை.

மூன்றாவது வரிசைதான் பெரியது: கனடா, அவுஸ்திரேலியா, ஜேர்மனி, பிரான்ஸ். அவுஸ்திரேலியாவில் சில மாநிலங்களின் உள்ளூராட்சித் தேர்தலைத் தவிர, குடியுரிமை கிடைக்கும்வரை எங்கள் ஆட்களுக்கு நகரசபைக்குக்கூட வாக்கு இல்லை. கனடாவில் பிஆர் அட்டை, அதாவது நிரந்தர வதிவிட அட்டை, கிடைத்ததும் எல்லா உரிமையும் வந்துவிட்டது என்று நினைப்பவர்கள் பலர். வாக்கு மட்டும் வராது. இதில் ஒரு எச்சரிக்கை. கனடாவில் வருமான வரிப் படிவத்தில், நீங்கள் கனடியக் குடிமகனா, உங்கள் விவரத்தைத் தேர்தல் திணைக்களத்துக்குக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கும். வரி செய்து கொடுக்கிறவர் பழக்கத்தில் ஆம் என்று குறித்துவிடுவார். குடியுரிமை இல்லாமல் வாக்களிப்பது குற்றம். பின்னால் உங்கள் குடியுரிமை விண்ணப்பத்துக்கே அது வினையாகலாம். கையெழுத்து வைக்கும் முன் அந்த வரியை நீங்களே வாசியுங்கள்.

பதிவும் வாக்களிப்பு நாளும்

இங்கே ஜிஎஸ் (கிராம சேவகர்) வீட்டுக்கு வந்து வாக்காளர் படிவம் தருவார், அம்மாவோ அப்பாவோ எல்லார் பெயரையும் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். பிரித்தானியாவில் 2014 முதல் ஒவ்வொருவரும் தன் பெயரைத் தானே பதிய வேண்டும். இணையத்தில் ஐந்து நிமிட வேலை, தேசிய காப்புறுதி இலக்கம் கையில் இருந்தால் போதும். வாக்கெடுப்புக்குப் பன்னிரண்டு வேலைநாள் முன்னால் பதிவு மூடிவிடும். வீடு மாறினால் மறுபடி பதிய வேண்டும். எங்கள் பிள்ளைகள் முதல் ஐந்து வருடத்தில் நாலு தரம் வீடு மாறுவார்கள், அங்கேதான் பெயர் விடுபடும். நோர்வேயில் மக்கள் பதிவேட்டில் இருந்து பெயர் தானாக வாக்காளர் பட்டியலுக்குப் போய்விடும். ஆனால் விலாச மாற்றத்தை உடனே அறிவித்திருக்க வேண்டும்.

2023 முதல் இங்கிலாந்தில் வாக்களிக்கப் படம் உள்ள அடையாள அட்டை கட்டாயம். இலங்கைப் பாஸ்போர்ட்டே போதும், பொதுநலவாய நாட்டுப் பாஸ்போர்ட்டை ஏற்பார்கள். திகதி முடிந்திருந்தாலும் முகம் ஒத்துப்போனால் சரி. ஒன்றும் இல்லாதவருக்கு இலவசமாக ஒரு வாக்காளர் சான்றிதழ் தருவார்கள்.

நான் முதல்முறை வாக்களித்தது ஒரு ஆரம்பப் பள்ளிக்கூட வகுப்பறையில். வியாழக்கிழமை, வேலை முடிந்து இரவு எட்டு மணிக்குப் போனேன். காலை ஏழில் இருந்து இரவு பத்து வரை திறந்திருக்கும். சுவரில் பிள்ளைகள் வரைந்த மீன்கள். நூலில் கட்டிய பென்சில் ஒன்று. புள்ளடி போடுவது எங்களுக்குத் தெரிந்த வேலைதானே, போட்டேன். மடித்துப் பெட்டிக்குள் விட்டதும் பழக்கத்தில் இடது கையை நீட்டினேன். மேசையில் இருந்த அம்மா என்ன என்பதுபோல் பார்த்தார். அங்கே விரலில் மை பூசுவதில்லை. பஸ்ஸில் வரும்போது அந்த வெறும் விரலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வாசலில் பொலிஸ் நிற்கவில்லை, யாரும் எந்த ஊர் என்று கேட்கவில்லை.

வாக்குச்சீட்டு ஒவ்வொரு நாட்டிலும் வேறு மாதிரி. ஆனால் இலங்கையில் வாக்களித்தவருக்கு எதுவும் புதிதாக இருக்காது. அவுஸ்திரேலியாவில் வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று இலக்கம் போட வேண்டும், எங்கள் சனாதிபதித் தேர்தல்போல. ஒரு வித்தியாசம், கீழ்ச்சபைச் சீட்டில் எல்லாப் பெட்டியையும் நிரப்ப வேண்டும். அங்கே வாக்களிப்பது கட்டாயமும்கூட, போகாவிட்டால் தண்டப்பணம். நோர்வே நகரசபைச் சீட்டில் கட்சியைத் தெரிந்தபின் ஆட்களுக்குத் தனியாக வாக்குக் கொடுக்கலாம், எங்கள் விருப்பு வாக்குப்போல. வேறு கட்சிப் பட்டியலில் இருக்கிறவருக்கும் கொடுக்கலாம். தமிழர் பலர் நகரசபைகளுக்குள் வந்ததில் இந்த ஆள்வாக்குக்கு நல்ல பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

குடும்பத்துக்கு ஒரு சொல். வாக்கு ஆளுக்கு ஒன்று. தபால்வாக்குச் சீட்டு வந்ததும் வீட்டுத் தலைவர் எல்லாவற்றையும் வாங்கி மேசையில் வைத்துத் தானே நிரப்புகிற பழக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். அது குற்றம். அதைவிட, அம்மாவுக்கும் மனைவிக்கும் வாழ்க்கையில் கிடைத்த ஒரு தனி முடிவை அது பறிக்கிறது.

வாக்கு வரும்வரை: எங்களிடம் ஏற்கெனவே இருக்கிற கைப்பழக்கம்

இனித்தான் அந்தத் தங்கச்சியின் கேள்விக்கு வருகிறேன். 2031 வரைக்கும் என்ன செய்வது?

நீங்கள் ஊரில் சனசமூக நிலையத்தில் இருந்திருப்பீர்கள். இல்லாவிட்டால் மாதர் சங்கம், பழைய மாணவர் சங்கம், கோயில் பரிபாலன சபை, விளையாட்டுக் கழகம். போன கூட்டத்து அறிக்கை வாசிப்பது, ஒருவர் முன்மொழிய இன்னொருவர் வழிமொழிவது, பொருளாளர் கணக்குக் காட்டுவது, கணக்கில் இருநூறு ரூபா இடித்தால் பின்வாங்கில் இருந்து ஒருவர் எழும்புவது எல்லாம் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். உலகத்தில் எல்லா நகரசபையும் இந்த முறையில்தான் நடக்கிறது. மொழி மட்டும்தான் வேறு.

தொடங்க நல்ல இடம் பிள்ளையின் பள்ளிக்கூடம். நோர்வேயில் ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் பெற்றோர் செயற்குழு உண்டு. ஒன்ராறியோவில் ஒவ்வொரு அரச பள்ளியிலும் பெற்றோர் அவை இருக்க வேண்டும் என்பது விதி. இரண்டுக்கும் குடியுரிமை தேவையில்லை. முதல் வருடம் கதிரை அடுக்குங்கள், தேத்தண்ணி ஊற்றுங்கள். இரண்டாம் வருடம் வாயைத் திறக்கலாம். நோர்வேயில் டுக்னாட் என்று ஒன்று இருக்கிறது. வசந்தம் வந்ததும் குடியிருப்பில் எல்லாரும் கூடி முற்றம் கூட்டி வேலிக்கு மை பூசுவார்கள். எங்கள் சிரமதானம்தான். வராதவரை அயலவர் கவனிப்பார்கள், வந்தவரையும் கவனிப்பார்கள். கூட்டுமாற்றோடு நிற்கும்போது தெரிந்துகொள்கிற ஆள் பின்னால் நகரசபைப் பட்டியலில் பெயரோடு நிற்பார்.

தொழிற்சங்கத்தில் சேருங்கள். துப்புரவு வேலை, முதியோர் பராமரிப்பு, உணவகம் எதுவானாலும் சரி. ஐரோப்பாவில் தொழிற்சங்கத்துக்கும் கட்சிகளுக்கும் உள்ள உறவு நெருக்கமானது. ஜேர்மனியில் நோர்ட்ரைன் வெஸ்ட்பாலன் மாநிலத்து நகரங்களில் ஒருங்கிணைப்புச் சபை என்று ஒன்று உண்டு, அதற்கு வெளிநாட்டவர்களும் வாக்களிக்கலாம். ஆலோசனைச் சபைதான், ஆனாலும் நகரசபையோடு நேரே பேசுகிற வழி. பிரான்சில் 1901 ஆம் ஆண்டுச் சட்டப்படி சங்கம் பதியலாம், 1981 முதல் வெளிநாட்டவரும் தடையில்லாமல் பதியலாம். ரொறன்ரோவில் நகரசபைக் குழுக் கூட்டங்களில் பொதுமக்கள் பெயர் கொடுத்துச் சில நிமிடம் பேசலாம். பஸ் நேரமா, பூங்கா விளக்கா, அது உங்கள் பிரச்சினையானால் போய்ப் பேசுங்கள். பாஸ்போர்ட் கேட்கமாட்டார்கள்.

உங்கள் பிரதிநிதியைப் போய்ப் பாருங்கள்

நான் இருந்த வீட்டில் குளிர்காலம் வந்தால் படுக்கையறைச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் படரும். துடைப்பேன், பத்து நாளில் திரும்ப வரும். மகனுக்கு இழுப்பு. வீட்டுச் சொந்தக்காரர் யன்னலைத் திறந்து வைக்கச் சொன்னார். வேலைத்தலத்தில் ஒரு கானா நாட்டு அக்காதான் கவுன்சிலரைப் போய்ப் பார் என்றார். பிரித்தானியாவில் கவுன்சிலர்களும் எம்பிக்களும் மக்களைச் சந்திக்கிற நேரத்துக்கு சேர்ஜரி என்று பெயர். சத்திரசிகிச்சைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சனிக்கிழமை காலை, நூலகத்தின் மூலையில், மடக்குக் கதிரைகள் நாலு. எனக்கு முன்னால் ஒரு கிழவர் மரம் வெட்டுவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

அந்த அக்கா சொன்னபடி நான் மூன்று பொருள் கொண்டு போனேன். திகதி போட்ட படங்கள், வைத்தியர் தந்த கடிதம், நான் எழுதியவற்றையும் வந்த பதில்களையும் திகதிப்படி எழுதிய ஒரு பக்கம். கவுன்சிலர் அந்த ஒரு பக்கத்தைத்தான் முதலில் வாசித்தார். எந்தக் கட்சிக்கு வாக்குப் போட்டாய் என்று கேட்கவில்லை. கவுன்சிலின் வீட்டுப் பரிசோதகர் மூன்றாவது வாரம் வந்தார். சுவர் திருத்த இன்னும் இரண்டு மாதம் எடுத்தது.

ஆகவே: ஒரு சந்திப்புக்கு ஒரு பிரச்சினை. ஒரு பக்கத் தாள். என்ன செய்ய வேண்டும் என்று கடைசி வரியில் தெளிவாகக் கேளுங்கள். மொழி போதாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லுங்கள், பத்து வயது மகனைக் கூட்டிப் போகாதீர்கள். வேலை முடிந்ததும் நன்றி எழுதுங்கள். கனடாவில் எம்பியின் தொகுதி அலுவலகம் தொகுதியில் வாழ்கிற எல்லாருக்கும்தான். பிஆர் அட்டைக்காரரும் விசா இழுபறிக்கு அங்கே போகலாம்.

கட்சி

கட்சியில் சேர்வது வாக்குரிமைக்கு முந்திய படி என்பது பலருக்குத் தெரியாது. கனடாவில் லிபரல், கன்சர்வேற்றிவ் இரண்டிலும் பிஆர் உள்ளவர் அங்கத்தவராகலாம். தொகுதியில் யாரை வேட்பாளராக நிறுத்துவது என்று முடிவு செய்வது அங்கத்தவர்கள். ஒரு கட்சி வழக்கமாக வெல்கிற தொகுதியில் அந்த வாக்குத்தான் உண்மையான தேர்தல். ஆனால் கோயில் வாசலில் யாரோ படிவம் நீட்டி, காசு நான் கட்டுகிறேன், கையெழுத்து மட்டும் வையுங்கோ என்றால் வைக்காதீர்கள். அங்கத்துவப் பணம் வாங்குகிற கட்சிகளில் அதை அவரவர் கட்ட வேண்டும் என்பது பொதுவான விதி. அப்படிச் சேர்கிற கூட்டத்தை ஒரு கட்சியும் மதிக்காது.

மேலே வந்தவர்களின் பாதையைப் பாருங்கள். கனடாவின் மார்க்கம் நகரத்தில் ஜுவனிடா நாதன் முதலில் யோர்க் பிராந்தியப் பள்ளிச்சபை உறுப்பினர், 2022 இல் நகரசபை உறுப்பினர், 2025 இல் நாடாளுமன்ற உறுப்பினர். யாழ்ப்பாணத்தில் பிறந்து மூன்று வயதில் நோர்வே போன கம்சாயினி குணரத்தினம் தொழிற்கட்சியின் இளைஞர் அணியில் தொடங்கியவர். 2011 இல் உத்தோயா தீவில் நடந்த படுகொலையில் நீந்தித் தப்பியவர். 2015 இல் ஒஸ்லோவின் துணை மேயர், 2021 இல் நாடாளுமன்றம். இருவரும் உள்ளூரில் வருடக்கணக்காக வேலை செய்துதான் மேலே வந்தார்கள்.

குடியுரிமை

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், விதிகள் அடிக்கடி மாறும். கனடாவில் விண்ணப்பத்துக்கு முந்திய ஐந்து வருடத்தில் 1,095 நாள் நாட்டுக்குள் இருந்திருக்க வேண்டும். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நின்ற நாட்களை எழுதி வையுங்கள். சோதனையில் 20 கேள்வி, 15 சரியாக வேண்டும். ஜேர்மனியில் 33 கேள்வி, 17 சரியாக வேண்டும். 2024 யூன் முதல் அங்கே ஐந்து வருடத்தில் விண்ணப்பிக்கலாம், பழைய குடியுரிமையையும் வைத்திருக்கலாம். நோர்வே 2020 முதல் இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது.

எங்கள் பக்கத்துச் சட்டத்தைத்தான் ஆட்கள் மறப்பது. இன்னொரு நாட்டுக் குடியுரிமை எடுத்த அன்றே இலங்கைக் குடியுரிமை போய்விடும், முன்கூட்டியே வைத்திருக்க விண்ணப்பித்திருந்தால் ஒழிய. போனபின் மீளப் பெறவும் வழி உண்டு, அலைச்சல் கூட. காணி, உறுதி விஷயம் உள்ளவர்கள் இதைக் கவனியுங்கள். இரட்டைக் குடியுரிமை உள்ளவர் இலங்கை நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட முடியாது, 2022 இல் வந்த 21 ஆம் திருத்தம் அதை மறுபடி உறுதி செய்தது. வெளிநாட்டில் இருந்தபடி இலங்கைத் தேர்தலில் வாக்களிக்கவும் வழி இல்லை.

ஊர்ப் பிரச்சினையை அங்கே எப்படிப் பேசுவது

இதைப் பேசாமல் இந்தக் கட்டுரை முழுமையாகாது. 2009 மே 10 ரொறன்ரோவில் எங்கள் சனம் கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி உட்கார்ந்தது. தாங்க முடியாத நாட்கள் அவை, வேறென்ன செய்திருப்பார்கள். ஆனால் அன்றைக்குச் சட்டசபைக்கு உள்ளே எங்களுக்காக எழுந்து பேச எங்கள் ஆள் ஒருவரும் இருக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து, 2011 இல், ராதிகா சிற்சபைஈசன் கனடிய நாடாளுமன்றத்துக்குப் போன முதல் தமிழரானார். 2016 இல் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக அந்த நாடாளுமன்றம் ஏற்றது. பிரித்தானியாவில் உமா குமரன் போக 2024 ஆனது.

வாக்கை வேண்டாம் என்று விட்ட அனுபவமும் எங்களுக்கு இருக்கிறது. 1931 இல் இலங்கையில் எல்லாருக்கும் வாக்குரிமை வந்த முதல் தேர்தலை யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் பகிஷ்கரிக்கச் சொன்னது. முழுச் சுயராச்சியம் இல்லாத அரசியலமைப்பு வேண்டாம் என்ற கொள்கைக்காக. அவர்களின் நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் நான்கு தொகுதிகளில் ஒருவரும் வேட்புமனுக் கொடுக்கவில்லை, 1934 இடைத்தேர்தல் வரை அந்த நான்கு கதிரையும் வெறுமையாகக் கிடந்தன. கூட்டங்கள் நடந்துகொண்டுதான் இருந்தன.

எம்பி அலுவலகத்துக்கு மாவீரர் நாளுக்கு மட்டும் கடிதம் எழுதுகிறவரையும், பள்ளிக்கூடத்து வீதிக் கடவைக்காக மூன்று தரம் வந்தவரையும் அங்கே ஒரே மாதிரிப் பார்க்கமாட்டார்கள். கடவைக்காக வந்தவர் காணாமல் போன தம்பியைப் பற்றிப் பேசும்போது பேனையை எடுப்பார்கள். லண்டனில் நான் என் கண்ணால் பார்த்தது இது.

போன சனிக்கிழமை வகுப்பில் எல்லாரிடமும் ஒரு பயிற்சி கொடுத்தேன். போகப்போகிற ஊரின் நகரசபை உறுப்பினருக்கு நாலு வரியில் ஒரு கடிதம்: நான் யார், எந்தத் தெருவில் இருக்கிறேன், என்ன குறை, என்ன செய்ய வேண்டும். மொழி ஆங்கிலம், விலாசம் கற்பனை. ஒஸ்லோ போகிற தங்கச்சி பஸ் தரிப்பிடத்தில் விளக்கு இல்லை, மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும் என்று எழுதியிருந்தார். கணவர் தொலைபேசியில் சொன்னதாம். கடைசி வரியில் என்ன வேண்டும் என்று கேட்க மறந்துவிட்டார். சிவப்பு மையால் ஒரு கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை எழுதிக்கொண்டு வந்தார்.